கேளுங்க, சொல்றேன்: விபிஎன் போட்டா போன் ஏன் திக்குது?

போன இதழ்ல வீட்ல இருந்து ஆபீஸ் வேலை பாக்குறவங்களப் பத்தி ரெண்டு வரி எழுதினேன், அவ்ளோதான், தர்மபுரி கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துல இருந்தும் கேள்வியா வந்து குவிஞ்சிடுச்சு. பாதிக்கு மேல ஒரே புலம்பல். லேப்டாப்ல ஆபீஸ் விபிஎன் (வீட்ல இருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்கு நெட் வழியா போடுற தனிப் பூட்டுப் பாதை) போட்டு, அதுக்குள்ள சாஃப்ட்போன்னு ஒரு போன் சாஃப்ட்வேர் திறந்து பேசுனா ஒழுங்கா பேச முடியலையாம். அதனால இந்தத் தடவை பிரிண்டர் கேள்வி, பேன் கார்டு கேள்வி எல்லாம் ஓரமா வச்சிட்டு இதை மட்டும் பாத்துடுவோம்.

கேள்வி: அண்ணா, பெங்களூரு கம்பெனி ஒண்ணுக்கு வீட்ல இருந்தே கஸ்டமர் சப்போர்ட் பண்றேன். 100 எம்பிபிஎஸ் ஃபைபர் போட்டிருக்கோம். விபிஎன் கனெக்ட் பண்ணி சாஃப்ட்போன்ல பேசினா குரல் ரோபோ மாதிரி உடையுது, மத்தியானத்துக்கு மேல ரொம்ப மோசம். ஆபீஸ் ஐடில கேட்டா உங்க நெட் சரியில்லங்கறாங்க. நெட் போட்டவர் ஸ்பீட் டெஸ்ட் எடுத்துக் காட்டி உங்க ஆபீஸ் விபிஎன் தான் கோளாறுங்கறாரு. யாரை நம்புறது?
– வாசகி, காரிமங்கலம்

பதில்: ரெண்டு பேரும் பாதி உண்மை தான் சொல்றாங்கம்மா. முதல்ல அந்த 100 எம்பிபிஎஸ்ஸ மறந்துடுங்க. ஜி.711னு ஒரு பழைய கோடெக் (குரலை நெட்ல அனுப்புற மாதிரி டேட்டாவா மாத்துற முறை) இருக்கு, அதுல பேசினாக்கூட வெறும் குரலுக்கு 64 கேபிபிஎஸ், அது மேல ஒட்டுற விலாசச் சீட்டு எல்லாம் சேத்து 80, விபிஎன் தன் பங்குக்கு ஒரு உறை போட்டு ஒட்டுறதால இன்னும் கொஞ்சம். எப்படிக் கூட்டினாலும் 100, 120 கேபிபிஎஸ்ஸோட முடிஞ்சுது கதை. உங்க லைன்ல ஆயிரத்துல ஒரு பங்கு. அப்புறம் ஸ்பீட் டெஸ்ட் எடுத்துக் காட்டி என்ன பிரயோஜனம்?

பாலக்கோட்டுத் தக்காளி லாரில போகுது பாருங்க, அது மாதிரி தான் படம் டவுன்லோட் பண்றது, பத்து நிமிஷம் லேட்டா வந்தாலும் மார்க்கெட்ல இறக்கிக்கலாம். குரல் அப்படி இல்ல. 20 மில்லிசெகண்டுக்கு ஒரு துண்டுன்னு நறுக்கி, செகண்டுக்கு 50 துண்டா வரிசையா அனுப்புறாங்க, ஒவ்வொண்ணும் அதது நேரத்துக்கு வந்து சேரணும். கல்யாண வீட்டுப் பந்தி மாதிரின்னு வச்சுக்கோங்க, ரசம் ஊத்திச் சாப்பிட்டு முடிச்ச இலைக்கு சாம்பார் வாளி வந்தா யாருக்கு வேணும், அப்படியே திருப்பி அனுப்ப வேண்டியது தான். லேட்டா வந்த துண்டை சாஃப்ட்போன் தூக்கிப் போட்டுடும், அந்த ஓட்டை தான் உங்களுக்கு ரோபோ குரலா கேக்குது.

அப்ப பாக்க வேண்டியது மூணு விஷயம். ஒரு பக்கம் போற நேரம் 150 மில்லிசெகண்டுக்குள்ள இருந்தா பேச்சு இயல்பா இருக்கும்னு ஐடியூன்னு சொல்ற சர்வதேச தொலைத்தொடர்பு அமைப்பு ரொம்ப நாள் முன்னாடியே சொல்லி வச்சிருக்கு. ரெண்டாவது ஜிட்டர், அதாவது ஒரு துண்டு சீக்கிரம் ஒரு துண்டு லேட்டுன்னு ஏறி இறங்குறது, அது 30 மில்லிசெகண்டுக்குள்ள இருக்கணும். மூணாவது வழியில காணாமப் போறது, நூத்துக்கு ஒண்ணுக்கு மேல போகக்கூடாது. இந்த மூணுல எதையுமே எம்பிபிஎஸ் சொல்லாது.

இப்ப மத்தியானம் ஏன் மோசம்ங்கறதுக்கு வரேன். என் சித்தப்பா பையனும் உங்கள மாதிரி தான், காவேரிப்பட்டணத்துல வீடு, வீட்டு முன்னாடியே சின்னதா மாங்கா மண்டி, அவனும் வீட்ல இருந்தே கால் எடுக்குறவன். சீசன் ஆரம்பிச்சதுல இருந்து குரல் உடையுது உடையுதுன்னு என் உயிர எடுத்தான். போய் உக்காந்து பிங் ஓட விட்டேன், அதாவது ஒரு குட்டித் துண்டு அனுப்பி, பதில் திரும்பி வர எத்தனை மில்லிசெகண்ட் ஆகுதுன்னு பாக்குறது. 38, 41, 39ன்னு அழகா போயிட்டிருக்கு, திடீர்னு 460, 720, 690, அப்புறம் ஒரு டைம் அவுட், மறுபடி 40. அரை மணி நேரம் ரூட்டரையே முறைச்சுப் பாத்தேன். கடைசில பாத்தா மண்டில புதுசா நாலு கேமரா மாட்டியிருக்காங்க, லாரி வந்து லோடு இறக்குற நேரத்துல ஆள் நடமாட்டம் தெரிஞ்சதும் நாலும் ஒரே சமயத்துல வீடியோவ கிளவுடுக்கு ஏத்துது. டவுன்லோட் எவ்ளோ காலியா கிடந்தா என்ன, அப்லோட் அடைச்சுப் போச்சு, இவன் குரல் அந்த கேமரா வீடியோ பின்னாடி க்யூல நிக்குது. கிருஷ்ணகிரி டோல்கேட்ல லாரி வரிசைக்குப் பின்னாடி ஆம்புலன்ஸ் மாட்டின மாதிரி. கேமராவ மெமரி கார்டுல ரெக்கார்ட் ஆகுற மாதிரி மாத்தினோம், அன்னிக்கே சரியாச்சு. உங்க வீட்ல மத்தியானம் யார் வராங்கன்னு பாருங்க. காலேஜ் விட்டு வர்ற தம்பியோட போன் வைஃபைய பாத்ததும் போட்டோ பேக்கப் ஆரம்பிக்குதா? ரூட்டர்ல க்யூஓஎஸ்னு ஒரு செட்டிங் இருந்தா உங்க லேப்டாப்புக்கு முதல் உரிமை குடுத்து வைங்க, அதுவே போதும்.

யார் மேல தப்புன்னு நீங்களே கண்டுபிடிக்கலாம், ஐடிக்காரங்ககிட்ட சண்டை போட ஆதாரமாவும் இருக்கும். விபிஎன் போடாம கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து முதல்ல உங்க ரூட்டரையே பிங் பண்ணுங்க, பெரும்பாலும் 192.168.1.1 இல்லன்னா 192.168.0.1ஆ இருக்கும். அதுலயே நம்பர் குதிச்சா வைஃபை தான் பிரச்சனை, ஒரு லேன் ஒயர் வாங்கி மாட்டிட்டு வேலையப் பாருங்க, மத்ததெல்லாம் படிக்கவே வேணாம். ரூட்டர் நல்லா பதில் சொன்னா அடுத்து 8.8.8.8ங்கற கூகுள் சர்வர பிங் பண்ணுங்க, அது குதிச்சா உங்க லைன். அதுவும் நல்லா இருந்தா இப்ப விபிஎன் போட்டு ஆபீஸ் போன் சர்வரோட ஐபி விலாசத்த பிங் பண்ணுங்க, இது மட்டும் குதிச்சா தைரியமா ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஐடிக்கு அனுப்புங்க. விபிஎன் போட்டுட்டு 8.8.8.8 பாக்காதீங்க, சில ஆபீஸ்ல அதுவும் ஆபீஸ் வழியா சுத்திக்கிட்டுத் தான் போகும், குழம்பிப் போயிடுவீங்க. மத்தியானம் ஒரு பத்து நிமிஷம், காலைல ஒரு பத்து நிமிஷம் ஓட விடுங்க, நாலே நாலு பிங் பாத்துட்டு நல்லா இருக்குன்னு முடிவு பண்ணிடாதீங்க.

ஆபீஸ் பக்கம் தப்புன்னு தெரிஞ்சா ஐடில ஒரே ஒரு கேள்வி கேளுங்க. விபிஎன் டிசிபில ஓடுதா யூடிபில ஓடுதா? ரெண்டும் நெட்ல துண்டுகள அனுப்புற முறை, யூடிபி காணாமப் போனதுக்காக காத்து நிக்காது. டிசிபி ரொம்ப நேர்மையான ஆளு, ஒரு துண்டு காணாமப் போனா அது திரும்ப வர்ற வரைக்கும் பின்னாடி வர்ற அத்தனையையும் வாசல்லயே நிறுத்தி வச்சிடும். நம்ம பந்தில அந்த ஒரு சாம்பார் வாளி வந்தா தான் ரசம் நகரணும்னு சமையக்கட்டு வாசல்ல கைய நீட்டி மறிச்சுக்கிட்டு நிக்கிற பெரியப்பா மாதிரி. ஃபைலுக்கு அது நல்லது, குரலுக்கு விஷம். விபிஎன்லயே பல வகை இருக்கு, ஓபன்விபிஎன்ல யூடிபி 1194 (இந்த நம்பர் எல்லாம் போர்ட், அதாவது வாசல் நம்பர்), வயர்கார்டுன்னா எப்பவுமே யூடிபி தான், ஐபிசெக்ல யூடிபி 500, 4500. சில விபிஎன் முதல்ல யூடிபில முயற்சி பண்ணும், வழில எங்கயோ அடைச்சிருந்தா சத்தம் போடாம டிசிபி 443க்கு மாறிடும், ஸ்க்ரீன்ல பச்சை லைட்டு எரியும், கனெக்டட்னு காட்டும், பேச மட்டும் முடியாது. இதை நிறைய ஐடிக்காரங்களே செக் பண்றதில்லங்கறது என் அனுபவம்.

கேள்வி: நான் பேசுறது எதிர்ல இருக்கிறவங்களுக்குக் கேக்குது, அவங்க பேசுறது எனக்குக் கேக்கல. ஹெட்செட் மாத்தியாச்சு, லேப்டாப்பையே ஃபார்மட் பண்ணியாச்சு. சில நாள் நல்லா இருக்கு, சில நாள் இப்படி. கால் கரெக்டா அரை நிமிஷத்துல கட்டும் ஆகுது.
– வாசகர், பர்கூர்

பதில்: ஐயோ, ஃபார்மட் வரைக்கும் போயிட்டீங்களா. ஹெட்செட் மேல பழி போடாதீங்க, இது விலாசம் தப்பான கேஸ்.

இன்டர்நெட் போன்ல ரெண்டு ஆளு வேலை செய்றாங்க. எஸ்ஐபின்னு ஒருத்தர் மணி அடிக்கிறது, எடுக்குறது, வைக்கிறது எல்லாம் பாத்துக்குவாரு, வழக்கமா 5060ங்கற போர்ட்ல. குரலைத் தூக்கிட்டு ஓடுறது ஆர்டிபின்னு வேற ஆளு, வேற போர்ட், ஆஸ்டரிஸ்க் மாதிரி போன் சர்வர்ல வழக்கமா 10000ல இருந்து 20000 வரைக்கும் எதுவா வேணா இருக்கும். எஸ்ஐபி கால் போடும்போதே, எனக்கு வர்ற குரலை இந்த ஐபிக்கு அனுப்புங்கன்னு ஒரு சீட்டுல எழுதிக் குடுத்துடும். உங்க லேப்டாப்புக்கு இப்ப ரெண்டு விலாசம் இருக்கு, வீட்டு வைஃபை குடுத்த 192.168 ஒண்ணு, விபிஎன் குடுத்த 10ல ஆரம்பிக்கிற மாதிரி ஒண்ணு. சாஃப்ட்போன் சீட்டுல வீட்டு விலாசத்த எழுதிட்டா ஆபீஸ் சர்வர் எங்க கொண்டு போய் குடுக்கும்? ஊர்ல எல்லார் வீட்லயும் 192.168 தான். பொண்ணுக்குக் கடுதாசி போட்டு அனுப்புனர்ல பழைய வாடகை வீட்டு அட்ரஸ் எழுதினா பதில் யாருக்குப் போகும், அதே தான். நீங்க பேசுறது போகும், பதில் வராது.

சில நாள் நல்லா இருக்குன்னு எழுதியிருக்கீங்களே, அதுல தான் பிடி கிடைக்குது. அன்னிக்கு விபிஎன் முதல்ல போட்டு சாஃப்ட்போன் அப்புறம் திறந்திருப்பீங்க. சாஃப்ட்போன் தானா ஸ்டார்ட் ஆகுற மாதிரி இருந்தா லேப்டாப் ஆன் பண்ணதுமே வீட்டு விலாசத்தப் பிடிச்சுக்கும், அப்புறம் நீங்க விபிஎன் போட்டாலும் மாத்திக்காது. ஆட்டோ ஸ்டார்ட்ட எடுத்து விடுங்க, விபிஎன் வந்தப்புறம் திறங்க. நடுவுல விபிஎன் ஒரு தடவை விட்டு வந்துச்சுன்னா சாஃப்ட்போனையும் ஒரு தடவை மூடித் திறங்க, சன்னல மூடுறது இல்ல, கீழ ஐகான்ல ரைட் கிளிக் பண்ணி எக்ஸிட். செட்டிங்ஸ்ல எந்த நெட்வொர்க் கார்டு வழியா பேசணும்னு கேக்குற இடம் இருந்தா விபிஎன்ன தேர்ந்தெடுத்துடுங்க.

இதுல நானே ரெண்டு நாள் மண்டைய உடைச்சிக்கிட்ட கதை இருக்கு. 2020 மார்ச்ல லாக்டவுன் போட்டப்ப ஓசூர்ல ஒரு கம்பெனில நெட்வொர்க் சப்போர்ட்ல இருந்தேன், பேரு வேண்டாம், ராவோட ராவா எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பி அங்க இருந்தே கால் எடுக்கச் சொல்லிட்டாங்க. ஒரு தம்பிக்கு மட்டும் ஒரு பக்கக் குரல். விபிஎன் முதல்ல, சாஃப்ட்போன் அப்புறம், எல்லாம் சரி, ஆனா கேக்கல. ஃபயர்வால்ல எதையெல்லாமோ திறந்து விட்டு மேனேஜர்கிட்ட திட்டும் வாங்கியாச்சு. கடைசில லாக்ல சீட்ட பிரிச்சுப் பாத்தா 192.168.56.1னு இருக்கு. அது வைஃபையும் இல்ல, விபிஎன்னும் இல்ல. தம்பி லினக்ஸ் கத்துக்கறேன்னு விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு வச்சிருந்தான், அது சும்மா ஒரு பொய் நெட்வொர்க் கார்ட உருவாக்கி வைக்கும், அதோட விலாசம் தான் அது. சாஃப்ட்போன் அதைப் போய் பிடிச்சிருக்கு. அதை டிசேபிள் பண்ணதும் அந்தப் பக்கம் இருந்து ஹலோன்னு சத்தம் வந்துச்சு பாருங்க, எனக்குக் கண்ணுல தண்ணி வராத குறை.

அரை நிமிஷத்துல கட் ஆகுறதும் இதோட தங்கச்சி தான். வாட்ச்ச வச்சுப் பாருங்க, 32 செகண்டா இருக்கும். கால் எடுத்தாச்சுன்னு ஒரு பக்கம் சொன்னா சரி கெடைச்சதுன்னு எதிர்ப்பக்கம் ஒரு வார்த்தை சொல்லணும். அந்த வார்த்தை விலாசம் தப்பிப் போயிட்டா 32 செகண்டு காத்திருந்துட்டு வச்சிடணும்ங்கறது எஸ்ஐபி கணக்கு, அரை செகண்ட அறுபத்து நாலால பெருக்கினா வர்றது. கரெக்டா 15 நிமிஷத்துல இல்ல 30 நிமிஷத்துல கட் ஆச்சுன்னா அது வேற, செஷன் டைமர்னு சர்வர்ல ஒரு செட்டிங், நீங்க ஒண்ணும் பண்ண முடியாது, நேரத்தக் குறிச்சு ஐடிக்கு அனுப்புங்க. ஒவ்வொரு தடவையும் அதே நேரக் கணக்குல அறுபடுற கால் லைன் கோளாறா இருக்காது, எங்கயோ ஒரு கடிகாரம் ஓடுதுன்னு அர்த்தம்.

யூட்யூப்ல எவனப் பாத்தாலும் ரூட்டர்ல எஸ்ஐபி ஏஎல்ஜிய (சீட்டுல இருக்கிற விலாசத்த ரூட்டரே மாத்தி எழுதுற செட்டிங்) ஆஃப் பண்ணுங்கம்பான். விபிஎன் இல்லாம பேசுறவங்களுக்கு அது நல்ல யோசனை தான். விபிஎன்குள்ள போற காலுக்கு சம்பந்தமே இல்ல, மூட்டைக்குள்ள என்ன இருக்குன்னே உங்க ரூட்டருக்குத் தெரியாது, அது எங்க போய் விலாசத்த மாத்துறது.

கேள்வி: நானும் என் டீம் மேட்டும் ஓசூர்ல அடுத்தடுத்த தெரு. ஆபீஸ் சாஃப்ட்போன்ல பேசினா அவன் குரல் அரை செகண்ட் லேட்டா வருது, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசி முட்டிக்கிறோம். வாட்ஸ்அப்ல பேசினா ஒண்ணும் இல்ல. ஏன்?
– வாசகர், ஓசூர்

பதில்: சர்வர் எந்த ஊர்ல இருக்குன்னு விசாரிங்க. வாட்ஸ்அப் முடிஞ்ச வரைக்கும் குறுக்கு வழில போகப் பாக்கும். ஆபீஸ் கால்ல ரெக்கார்டிங் வேணும்ங்கறதால பெரும்பாலும் குரல் அத்தனையும் ஆபீஸ் போன் சர்வருக்குப் போய்த் தான் திரும்பும். சர்வர் பெங்களூருல, சென்னைல இருந்தா உங்களுக்குத் தெரியவே தெரியாது, ஃபைபர்ல ஆயிரம் கிலோமீட்டருக்கு 5 மில்லிசெகண்ட் தான். ஆனா கம்பெனி அமெரிக்கா, சர்வரும் அங்கன்னா இங்க இருந்து போய்த் திரும்ப 200 மில்லிசெகண்டுக்கு மேல. உங்க குரல் அமெரிக்கா போய் இறங்கி அங்க இருந்து அடுத்த தெருவுக்கு வருது, 150ங்கற கணக்கு கிளம்பும்போதே காலி, அது மேல லேப்டாப், ஜிட்டர் பஃபர் (ஏறி இறங்கி வர்ற துண்டுகளைக் கொஞ்ச நேரம் தேக்கி வரிசையாக்குற இடம்), ப்ளூடூத்னு ஆளாளுக்கு கொஞ்சம் சேத்துக்குவாங்க.

பாலக்கோட்டுக்குப் போக தர்மபுரில பஸ் ஏறினவர பெங்களூரு கூட்டிட்டுப் போய் ஆபீஸ்ல கையெழுத்து வாங்கிட்டு திருப்பிக் கொண்டு வந்து விடுற மாதிரி. ஐடில ஸ்ப்ளிட் டனலிங் கேட்டுப் பாருங்க, ஆபீஸ் சமாச்சாரம் மட்டும் விபிஎன்ல, மத்தது நேரா வெளில. போன் சர்வர் கிளவுட்ல இருந்து, குரலை எஸ்ஆர்டிபின்னு பூட்டி அனுப்புற வசதியும் இருந்தா போன விபிஎன்னுக்கு வெளிலயே விட்டுடலாம், பாதுகாப்பும் கெடாது, ஒரு சுத்தும் மிச்சம். ஆனா முடிவு அவங்களோடது. நீங்களா விபிஎன்ன கழட்டிட்டு சாஃப்ட்போன லாகின் பண்ண வழி தேடாதீங்க, வேலைக்கே உலை வச்சிடும்.

கேள்வி: தேன்கனிக்கோட்டைக்கு அந்தப் பக்கம் எங்க ஊரு. ஃபைபர் வரல, மொபைல் ஹாட்ஸ்பாட் தான். நான் கூப்பிட்டா கால் போகுது, வெளில இருந்து எனக்கு வந்தா மணியே அடிக்கறதில்ல, மிஸ்டு கால் கணக்குல என்ன திட்டுறாங்க.
– வாசகி, தேன்கனிக்கோட்டை வட்டம்

பதில்: மொபைல் நெட்ல உங்களுக்குன்னு தனி ஐபி குடுக்க மாட்டாங்க, பல பேருக்கு சேத்து ஒரே வாசல். நீங்க கொஞ்ச நேரம் எதுவும் அனுப்பாம சும்மா இருந்தா இவங்க தூங்கிட்டாங்கன்னு உங்க பேருல திறந்து வச்சிருந்த கதவ சாத்திடுவாங்க. நீங்க கூப்பிட்டா கதவு மறுபடி திறக்கும், வெளில இருந்து வர்றவங்களுக்குத் திறக்க ஆள் இல்ல. விபிஎன்ல கீப் அலைவ்னு இருக்கும், வயர்கார்டுன்னா 25 செகண்டுன்னு போடுறது வழக்கம், அதை ஐடில போட்டுக் குடுக்கச் சொல்லுங்க. சாஃப்ட்போன்லயும் அதே பேருல ஒண்ணு இருக்கும், 20, 30 செகண்ட் வைங்க. திண்ணைல உக்காந்து அப்பப்ப இருமுற தாத்தா மாதிரி, ஆள் இருக்கார்னு தெரிஞ்சா போதும்.

ஜி.711ல இருந்தா ஓபஸ் இல்லன்னா ஜி.729க்கு மாத்தச் சொல்லிக் கேளுங்க. ஜி.729ல குரல் 8 கேபிபிஎஸ் தான், சிக்னல் ஒரு கட்டை ரெண்டு கட்டைல தத்தளிக்கிற நம்ம மலைப்பக்கத்துக்கு அது புண்ணியம். கொஞ்சம் தகர டப்பா சத்தமா இருக்கும், ஓபஸ் கெடைச்சா அதையே எடுத்துக்கோங்க. போன பாக்கெட்ல வச்சிட்டு ஹாட்ஸ்பாட் போடாதீங்க, சன்னல் ஓரமா ஒரே இடத்துல வச்சு யூஎஸ்பி ஒயர்ல லேப்டாப்போட இணைங்க, சார்ஜும் ஏறும், வைஃபைங்கற ஒரு தலைவலியும் போகும்.

கேள்வி: சில நம்பருக்கு மட்டும் கால் போகவே மாட்டேங்குது, மத்ததுக்குப் போகுது. விபிஎன் இல்லாம ஆபீஸ்ல உக்காந்தா எல்லாமே போகுது.
– வாசகர், அரூர்

பதில்: எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட் (நெட்ல போற ஒரு துண்டு) எவ்ளோ பெருசா இருக்கலாம்ங்கற அளவு. வழக்கமா 1500 பைட் வரைக்கும் போகலாம், வீட்டு ஃபைபர்ல பல இடத்துல 1492, விபிஎன் உறை போட்டா உள்ள இடம் இன்னும் சுருங்கிடும். கால் போடுற மெசேஜ் சில சமயம் ரொம்ப நீளமாயிடும், அப்ப ரெண்டா உடைச்சு அனுப்பும், வழில எவனோ ஒரு துண்டத் தூக்கிப் போட்டுடுவான். விபிஎன் எம்டியூவ 1300 பக்கம் இறக்கச் சொல்லுங்க, இல்லன்னா எஸ்ஐபிய மட்டும் டிசிபிக்கு மாத்தச் சொல்லுங்க. மேல டிசிபிய விஷம்னு திட்டினது குரலுக்கு, மணி அடிக்கிறதுக்கு அது பரவாயில்ல.

கேள்வி: வீட்டுக்காரர் துபாய்ல வேலை பாக்குறாரு. அங்க வாட்ஸ்அப் கால் எடுக்காது. அவரோட ஆபீஸ் லேப்டாப்ல விபிஎன் இருக்கு, அத போட்டா பேசலாம்னு கூட இருக்கிற பசங்க சொல்றாங்களாம். பேசலாமா?
– வாசகி, பென்னாகரம்

பதில்: வேணாம்மா. கம்பெனி வேலைக்கு விபிஎன் வைக்கிறது அங்க தப்பில்ல, ஆனா சட்டத்துல தடுத்ததை செய்யறதுக்கோ மறைக்கிறதுக்கோ விபிஎன்ல ஐபிய மாத்தினா அபராதமே 5 லட்சம் திர்ஹாம்ல இருந்து 20 லட்சம் திர்ஹாம் வரைக்கும்னு சைபர் சட்டம் சொல்லுது, ஜெயிலும் உண்டு. அதுவும் ஆபீஸ் விபிஎன், யார் எப்ப எங்க போனாங்கன்னு எல்லாம் லாக்ல நிக்கும். கூட இருக்கிற பசங்களுக்கு என்ன, சொல்லிட்டுப் போயிடுவாங்க. போட்டிம் மாதிரி அங்க அனுமதி வாங்கின ஆப் இருக்கு, அதை ரெண்டு பக்கமும் போட்டுக்கோங்க, நிம்மதியா முகம் பாத்துப் பேசலாம்.

கேள்வி: விபிஎன் போடுறதே சட்டவிரோதம், போலீஸ் வரும்னு அப்பா பயப்படுறாரு. உண்மையா?
– வாசகர், ஊத்தங்கரை

பதில்: அப்பாகிட்ட சொல்லுங்க, நம்ம நாட்டுல இல்ல. 2022 ஏப்ரல்ல செர்ட்-இன்ங்கற மத்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பு போட்ட உத்தரவு, விபிஎன் சேவை விக்கிறவங்க வாடிக்கையாளர் விவரத்த 5 வருஷம் வச்சிருக்கணும்னு சொல்லுது, கம்பெனி தன் ஆளுங்களுக்குக் குடுக்குற விபிஎன் அதுல வராதுன்னு அவங்களே விளக்கம் குடுத்துட்டாங்க. கால் சென்டர் ஆளுங்க வீட்ல இருந்து வேலை பாக்குறதுக்கும் தொலைத்தொடர்புத் துறை 2020, 2021ல விதிகளத் தளர்த்தி வழி விட்டாச்சு. ஒண்ணு மட்டும் கவனம். வெளிநாட்டுல இருந்து நெட்ல வர்ற கால உங்க வீட்டு சிம் வழியா உள்ளூர் காலா மாத்தி விடுங்க, மாசம் இவ்ளோ தரோம், ஒரு பொட்டி மட்டும் வச்சுக்கோங்கன்னு யாராச்சும் வந்தா அது சிம் பாக்ஸ், அதுக்கு நிஜமாவே போலீஸ் வரும்.

கேள்வி: அவசரத்துக்கு சாஃப்ட்போன்ல 108 கூப்பிடலாமா?
– வாசகி, நல்லம்பள்ளி

பதில்: கூடாது. அந்தக் கால் உங்க வீட்ல இருந்து வெளில போகல, ஆபீஸ் லைன் எந்த ஊர்ல இருக்கோ அங்க இருந்து போகும். தொப்பூர் கணவாய்ல ஆக்சிடென்ட்னு நீங்க சொல்லிட்டிருப்பீங்க, எடுக்கிறவர் வேற மாநிலத்துல உக்காந்துக்கிட்டு அது எங்கன்னு கேட்டுட்டிருப்பாரு. கைல இருக்கிற செல்போன்ல கூப்பிடுங்க, 108ஓ 112ஓ.

கேள்வி: ப்ளூடூத் ஹெட்போன் 6,000 ரூபாய்க்கு வாங்கினேன், பாட்டு அமர்க்களமா கேக்குது, ஆபீஸ் கால்ல மட்டும் கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு. விபிஎன் தானே காரணம்?
– வாசகர், தர்மபுரி

பதில்: விபிஎன் பாவம், இதுக்கு அது காரணமில்ல. மைக் ஆன் ஆனதும் பல ப்ளூடூத் ஹெட்போன் பாட்டு மோட விட்டுட்டு கால் மோடுக்கு இறங்கிடும், தரமும் கூடவே இறங்கிடும். யூஎஸ்பி ஒயர் ஹெட்செட் ஒண்ணு வாங்குங்க, 6,000 தேவையே இல்ல. அந்த ஹெட்போன்ல ராத்திரி இளையராஜா கேளுங்க.

கேள்வி: கரண்ட் போனா லேப்டாப் ஓடுது, ஆனா கால் செத்துடுது. ரூட்டருக்கு மினி யூபிஎஸ் வாங்கி மாட்டியும் அதே கதை.
– வாசகர், பாப்பிரெட்டிப்பட்டி

பதில்: ரூட்டர் பக்கத்துலயே சுவத்துல இன்னொரு வெள்ளை டப்பா இருக்கா பாருங்க, ஃபைபர் ஒயர் மஞ்சள் கலர்ல மெல்லிசா வந்து சொருகியிருக்கும். அது ஓஎன்டி, ஃபைபர் வெளிச்சத்த நெட்டா மாத்துறதே அது தான், அதுக்கும் கரண்ட் வேணும். பாதி பேர் அதை விட்டுட்டு ரூட்டருக்கு மட்டும் யூபிஎஸ் மாட்டிட்டு யூபிஎஸ் கடைக்காரர திட்டுவாங்க. ரெண்டு டப்பா மேலயும் எழுதியிருக்கிற வோல்ட், ஆம்ப் பாத்து ரெண்டு அவுட்புட் இருக்கிற யூபிஎஸ்ஸா வாங்குங்க. ரெண்டும் ஒரே டப்பாவா இருந்து, லைட்டும் எரிஞ்சு, அப்பவும் நெட் வரலன்னா உங்க ஏரியா கேபிள்காரர் தெரு முனைல வச்சிருக்கிற ஸ்விட்ச்சுக்கு பேட்டரி இல்லன்னு அர்த்தம். மாசக் காசு வாங்க வருவாரில்ல, அன்னிக்குப் பிடிங்க.